கேள்வி கேட்டே கெடுத்தவள்

இருபது ஆண்டுகளாக நூலகத்தில் உதட்டின்மேல் விரலை வைத்தே ஊரை அடக்கிவிட்டு, இன்று எனக்கு மட்டும் இருபது நிமிடம் பேச அனுமதி தந்து அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அம்மா அவர்களே! அனுபவத்தால் உயர்ந்து, அன்பால் தாழ்ந்து, முன் வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த தாய்மார்களே, முடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு வந்த தாய்மார்களே! நரைத்த தலையோடு நாற்பது பக்க நோட்டு வாங்கிய என் வகுப்புத் தோழர்களே! பாலத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களே, அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களே, எந்தப் பக்கம் என்று காட்டிக்கொள்ளாமல் நடுவில் உட்கார்ந்திருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சம் நிறைந்த வணக்கத்தை முதலில் வைத்துவிடுகிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அதைத் திருப்பித் தந்துவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

முதியோர் கல்வி பற்றிப் பேசச் சொன்னார்கள். கல்வியின் மேன்மையை நான் எடுத்துச் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது என் கதை. என்னை இந்த ஊரில் தெரியாதவர்கள் உண்டா? தையல் ஆலையில் சட்டை சரிபார்க்கிறவள் என்று சிலருக்குத் தெரியும். 'பட்டாசு அக்கா' என்றால் பலருக்கும் தெரியும். அதோ, அங்கே சிலர் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டாம் அய்யா, நீங்கள் என் கூட்டத்துக்கு வந்ததை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆம். அணியின் மகளிர் பிரிவில் நான்கு ஆண்டுகள் பேச்சாளராக இருந்தேன். எந்த அணி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் வந்தேறிகள், வஞ்சகர்கள், நம் வேலையையும் வீட்டையும் விழுங்க வந்தவர்கள் என்று சொன்ன அணி. அவர்கள் கடையில் வாங்காதே, அவர்கள் வண்டியில் ஏறாதே, அவர்கள் பிள்ளையோடு உன் பிள்ளையை விளையாட விடாதே என்று சொன்ன அணி. அதைச் சொல்வதற்கு அணிக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாய் இந்த வாய்தான்.

என்னை ஏமாற்றி இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் உங்களுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். ஆனால் அது உண்மை இல்லை. நானாகத்தான் போனேன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போனவள் நான். 'சீக்கிரம்', 'அடுத்தது', 'இது ஏன் தப்பு' என்ற மூன்றைத் தவிர எவரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, கையில் மைக்கைக் கொடுத்து, "அக்கா பேசட்டும், எல்லாரும் உட்காருங்க" என்று அணித் தலைவர் அண்ணன் சொன்னால் எப்படி இருக்கும்? இருநூறு பேர் என் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தார்கள். அந்த இனிப்பு இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மேடையில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அது ஓரளவுக்கு உண்மையும்கூட. நான் கேள்விதான் கேட்பேன். கேள்வி கேட்பது குற்றமா? பாருங்கள், இதுவும் ஒரு கேள்விதான். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

பாலத்தைத் தாண்டியதும் முதல் கடை ஒரு மருந்துக் கடை. அந்தப் பக்கத்துக்காரருடைய கடை. ஒருநாள் காலையில் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஐந்து வயது மகளோடு பேருந்திலிருந்து இறங்கி அந்தக் கடைக்குள் போனாள். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் வைத்தே அந்தக் குழந்தை வாந்தி எடுத்தது. நான் எதிர்ச் சாரியில் ஆலை வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். குழந்தை வாந்தி எடுத்ததைக் கண்ணால் கண்டேன். அவ்வளவுதான் கண்டேன். வேன் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்த வாரக் கூட்டத்தில் எனக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. பேச்சாளருக்குச் சரக்கு தீர்ந்துபோனால் என்ன பாடு என்று மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்போது இது நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்தினேன். ஒரு கையை இடுப்பில் வைத்தேன். "நம் பிள்ளை அந்தக் கடைக்குள் போகும்போது சிரித்துக்கொண்டு போனது. வெளியே வரும்போது வாந்தி எடுத்தது. ஏன்? நான் குற்றம் சாட்டவில்லை தாய்மார்களே, ஏன் என்றுதான் கேட்கிறேன். கேட்கக் கூடாதா? பெற்ற வயிறு கேட்காமல் இருக்குமா?"

கூட்டம் கொதித்தது. நான் நிறுத்திவிட்டேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓராண்டு கழிந்தது. ஆலையில் மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியானது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால்தான் மனுப் போடலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் சொன்னார், "சைக்கிள் கடை மாடியில ஞாயித்துக்கிழமை கிளாஸ் எடுக்கறாங்களாம், போயேன்." அவர் அணியின் வட்டச் செயலாளர். தன் கையாலேயே என்னைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டார், பாவம்.

அந்த அறையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். பதினேழு படி. கீழே பஞ்சர் ஒட்டும் பசை வாசனை மேலே வரைக்கும் வரும். பன்னிரண்டு நாற்காலி, அதில் இரண்டுக்குக் கை கிடையாது. டீச்சருக்கு என்னைவிடப் பதினேழு வயது குறைவு. அதனால் சின்ன டீச்சர் என்று பெயர் வைத்தோம். இதோ மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் என்ன உளறப்போகிறேனோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பயப்படாதீர்கள் டீச்சர், நல்லதைத்தான் சொல்வேன்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கரும்பலகையை மூன்று கட்டமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முதல் கட்டம் 'கண்டேன்'. இரண்டாவது 'கேள்விப்பட்டேன்'. மூன்றாவது 'கருதினேன்'. வகுப்பில் யார் எதைச் சொன்னாலும், அது எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னவரே சொல்ல வேண்டும். அறிவியலானாலும் அப்படி, வரலாறானாலும் அப்படி, பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் அப்படி. கொத்தனார் அண்ணன் ஒருவர் "என் மாமியார் என்னைச் சோம்பேறின்னு சொல்றாங்க" என்றார். அது இரண்டாம் கட்டத்துக்குப் போனது.

என்னால் சும்மா இருக்க முடியுமா? மூன்றாவது வாரமே எழுந்து நின்றேன். அப்போது ஊரெல்லாம் ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருந்துக் கடைக்காரர் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கென்றே கெட்டுப்போன மருந்தைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறார், அதுவும் மஞ்சள் பாட்டிலில் என்று. என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று பூரித்துப்போயிருந்தேன். அதை நாற்பது கூட்டங்களில் முழங்கியிருந்தேன். வகுப்பிலும் முழங்கினேன்.

டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, "எந்தக் கட்டத்துல எழுதட்டும் அக்கா?" என்று கேட்டார்.

"கண்டேன்ல எழுதுங்க."

"அலமாரியை நீங்க பார்த்தீங்களா?"

"நான் பார்க்கலை. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கே தெரியும்ங்கறதுக்கு நம்மகிட்ட கட்டம் இல்லையே அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. என் பக்கத்து நாற்காலியில் இருந்த வெல்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்தக் கடையில் மருந்து வாங்கித்தான் அவர் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். சிரிக்காததோடு, என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அப்ப நான் பொய் சொல்றேன்ங்கறீங்களா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"பொய்னு நான் சொல்லலையே. சட்டையில ஒரு தையல் விட்டிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

சட்டையில் தப்பு இருந்தால் அது எந்தக் கட்டில் வந்தது என்று கட்டு எண்ணைப் பார்ப்போம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பின்னால் போவோம். பொத்தான் வைத்தது யார், கை தைத்தது யார், வெட்டியது யார் என்று கேட்டுக்கொண்டே போனால், எந்த இயந்திரத்தில் ஊசி மழுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சரிபார்க்கும் மேசைக்கு வந்த பத்தொன்பது ஆண்டுகளாக அதுதான் என் பிழைப்பு. அப்படிச் சொன்னேன்.

"அதையே இதுக்கும் பண்ணுங்க. யார் சொன்னாங்களோ அவங்களைப் போய்க் கேளுங்க. அவங்களுக்கு யார் சொன்னாங்களோ அவங்களையும் கேளுங்க. கண்ணால பார்த்தவங்க வர்ற வரைக்கும் போங்க. பார்த்தவங்க கிடைச்சா நானே முதல் கட்டத்துக்கு மாத்தி எழுதறேன்."

நினைத்துப் பாருங்கள் பெரியோர்களே. என்னோடு வாதாடியிருந்தால் நான் வென்றிருப்பேன். வாதத்தில் என்னை வெல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. அறிவுரை சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே கைதட்டல் வாங்கியிருப்பேன். 'நீ கெட்டவள்' என்று சொல்லியிருந்தால் பதினேழு படியையும் மூன்றே எட்டில் இறங்கியிருப்பேன். அந்தப் பெண் வாதாடவில்லை, வையவில்லை, வழக்காடவில்லை. எனக்குத் தெரிந்த வேலையையே எனக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தார்.

என்ன, பின்னால் ஒலிபெருக்கி கேட்கவில்லையா? கொஞ்சம் கூட்டி வையுங்கள் தம்பி. இனிமேல்தான் கதையே இருக்கிறது.

நான் ஆர்வமாகக் கிளம்பினேன். ஏன் தெரியுமா? நிரூபிக்கத்தான். அடுத்த வாரத்துக்கு அடுத்த சனிக்கிழமை, பாலத்தடியில் கூட்டம் போட்டு ஊர்வலமாகப் போய் அந்தக் கடைக்குப் பூட்டுப் போடுவது என்று அணி முடிவு செய்திருந்தது. அன்றைக்குச் சிறப்புரை நான். நேரில் பார்த்த சாட்சி ஒருவரை மேடையேற்றினால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

எனக்குச் சொன்னவள் ஆலையில் வெட்டும் பிரிவில் வேலை செய்கிற பெண். அவளுக்கு யார் சொன்னது? ஆலை வேன் ஓட்டுநர். அவரிடம் போனேன். "அலமாரி விஷயம் நானா சேர்த்துக்கிட்டது அக்கா. தனியாத்தானே வைச்சிருப்பான், வேற எங்க வைப்பான்?" என்றார் வெகுளியாக. அவருக்குச் சொன்னது முடிதிருத்தும் கடைக்காரர். மஞ்சள் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்டேன். கண்ணாடிக்கு முன்னால் அவருடைய தலை எண்ணெய் மஞ்சள் பாட்டிலில் இருந்தது. பேச்சு வாக்கில் கை அதைக் காட்டிவிட்டதாம். சரி, மீதிக் கதையை உங்களுக்கு யார் சொன்னது? "எங்க மாமியார். அவங்க நேர்லயே கேட்டாங்களாம்."

நேரில். கிடைத்துவிட்டார் சாட்சி என்று ஓடினேன். அந்த அம்மாவுக்கு என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

"யார் சொன்னாங்களா? நீதானம்மா சொன்ன. அன்னைக்குக் கூட்டத்துல முன் வரிசையில உட்கார்ந்திருந்தேன். பிள்ளை ஏன் வாந்தி எடுத்துச்சுன்னு கேட்டியே, நான்தான் 'கெட்டுப்போன மருந்தைக் கொடுத்திருக்கான்'னு சத்தமா பதில் சொன்னேன். நீ என்னைப் பார்த்துத் தலையாட்டினியே, மறந்துட்டியா?"

நான் மறக்கவில்லை. தலையாட்டினேன். எல்லாப் பதிலுக்கும் தலையாட்டுவேன். அது மேடைப் பழக்கம்.

அவைத் தலைவர் அவர்களே, அன்பு நெஞ்சங்களே! மழுங்கிய ஊசி எந்த இயந்திரத்தில் இருந்தது என்று பார்த்தீர்களா? நான் கேட்ட கேள்வி, நான்கு வாய் சுற்றி, நகை போட்டு, பொட்டு வைத்து, நிஜம் என்ற பெயரில் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. வந்ததை நானே வாங்கி, நானே நம்பி, நாற்பது மேடைகளில் நானே விற்றிருக்கிறேன். அந்த அம்மா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இதை யார்கிட்ட எல்லாம் சொன்ன?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. சனிக்கிழமை மேடையில சொல்லலாம்னு இருக்கேன்."

"உனக்குப் பைத்தியமா? அண்ணன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்க. நீ பேசாட்டி வேற யாராவது பேசிட்டுப் போறாங்க."

அதுதான் என்னை உறுத்தியது. வேறு யாராவது பேசுவார்கள். பூட்டு விழும். பூட்டோடு நிற்குமா? கல் விழும், கண்ணாடி உடையும், உள்ளே ஒரு மனிதர் இருப்பார். நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு இல்லாத காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பேன். சொல்கிறேன், கேளுங்கள். சொன்னால் சொந்தம் போகும், சோறு போட்ட கைதட்டல் போகும், இருபத்திரண்டு ஆண்டுக் குடும்பமே போகலாம். சொல்லாவிட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்வே போகும். இரண்டு நாள் இதைத்தான் மாற்றி மாற்றி நினைத்தேன். ஆலையில் அந்த இரண்டு நாளும் நான் தேறவிட்ட சட்டைகளை நினைத்தால் இன்றைக்கும் கவலையாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேடை ஏறினேன். என் வாழ்நாளில் நான் பேசிய பேச்சிலேயே சின்னப் பேச்சு அதுதான். இரண்டு நிமிடம். எதுகை இல்லை, மோனை இல்லை, ஒரு கேள்வி இல்லை. "குழந்தை வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். வேறு எதையும் நான் பார்க்கவில்லை. நம்மில் யாரும் பார்க்கவில்லை. இந்தக் கதை கிளம்பிய இடம் நான்தான்" என்றேன்.

ஒரு செருப்பு வந்தது. ஜோடி வரவில்லை. எறிந்தவர் ஒற்றைச் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தாரோ என்று இன்றுவரை எனக்கு யோசனை. யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள். அப்போது முன் வரிசையில் அந்த மாமியார் அம்மா எழுந்தார். "அவ சொல்றது நிஜம்தான். கெட்டுப்போன மருந்துன்னு சொன்னது நான். வாயில வந்ததைச் சொன்னேன்" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் பத்துப் பெண்கள் போனார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் பேர். மிச்சம் இருந்தவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஐந்தரை மணிக்குப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். மருந்துக் கடைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, எனக்குத் தெரியவில்லை. நாற்பது மேடைகளில் அந்தக் குழந்தைக்காகக் கண்ணீர் விட்டவள் நான். என் கண்ணீருக்குக் கூட்டமே கண் கலங்கியது. ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்க்கவில்லை. ஓராண்டாக வசை வாங்கிய மனிதர் அதைத்தான் முதலில் விசாரிக்கிறார். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நேராக அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாந்தியா? அவளுக்குப் பஸ் ஒத்துக்காதுக்கா. எங்க போனாலும் எடுப்பா. அந்த மருந்து குடிச்சு மூணு நாள்ல இருமல் நின்னுடுச்சு. ஏன் கேக்கறீங்க?" என்றாள். இந்தக் கூட்டம், ஊர்வலம், பூட்டு எதுவுமே அவளுக்குத் தெரியாது. அவளைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்து, "பட்டாசு அக்காவா நீங்க? வெடிச்சுக் காட்டுங்க" என்றது. சிரிக்கிறீர்கள். நானும் அங்கே சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இந்த ஒரு நாளில் நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒன்று போனால் ஒன்பது பாக்கி இருந்தது. அந்தப் பக்கத்தாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்று நான் நினைத்த ஒவ்வொன்றையும் ஞாயிறுதோறும் பலகையில் எழுதினேன். வாரம் ஒன்றாக எடுத்துக்கொண்டு நடந்தேன். சிலதில் உண்மையும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கண்ணால் பார்த்த ஆளே இல்லை. கூட நடக்க ஒரு துணை வேண்டும் என்றபோது, வெல்டர் அம்மா தான் வருவதாகச் சொன்னார். மூன்று வாரம் வெறும் நடைதான். நான்காவது வாரம் என் செருப்பு அறுந்தபோது சிரித்தார். அதிலிருந்து பேச்சு.

அறிஞர்கள் நிறைந்த அவையில் அறியாதவள் ஒன்று சொல்கிறேன். வெறியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதனிடம் போய் 'விடு, விடு' என்று கத்துகிறோம். விட்டுவிட்டு அவன் எங்கே போவான் என்று யோசிக்கிறோமா? எனக்கு அணியில் ஒரு நாற்காலி இருந்தது. மரியாதை இருந்தது. 'அக்கா' என்று கூப்பிட ஆள் இருந்தது. சைக்கிள் கடை மாடியிலும் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, கை இல்லாத நாற்காலிதான். அங்கேயும் 'அக்கா' என்றார்கள். நான் சொன்னதைப் பலகையில் எழுதினார்கள், என் வேலையை மதித்தார்கள், என் காலை நம்பி வெளியே அனுப்பினார்கள். அதனால்தான் அணியின் நாற்காலியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடிந்தது. படித்தவர்களை உருவாக்குவதற்கு மட்டுமா முதியோர் கல்வி? பிடிவாதம் பிடித்த பெரியவர்கள் மானம் போகாமல் மனம் மாற, மண்ணில் வேறு எந்த இடம் இருக்கிறது? வயதானவன் தன் தப்பைச் சொன்னால், சிரிக்காமல் சுண்ணக்கட்டி எடுக்கும் அறை அது ஒன்றுதான். தெருவுக்கு ஒன்று திறவுங்கள்!

நன்றி, கைதட்டல் போதும். எனக்கு அது ஆகாது, மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

நான் பத்தாம் வகுப்பு தேறிவிட்டேன். மேற்பார்வையாளர் ஆகிவிட்டேன். இன்றைக்குச் சான்றிதழ் வாங்கும் பதினோரு பேருக்கும் ஞாயிறுதோறும் வகுப்பெடுத்ததில் எனக்கும் பங்குண்டு. நிம்மதியாக இருக்கிறேன். ஒரு குறைதான். என் வீட்டுக்காரர் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். இப்போது ஞாயிறுதோறும் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். வகுப்பு முடியும் வரைக்கும் சைக்கிள் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். பஞ்சர் ஒட்டக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் அந்தப் பதினேழு படி மட்டும் ஏறவில்லை. புதன்கிழமை ஆனால் அணிக் கூட்டத்துக்குப் போய்விடுகிறார். இந்த அரங்கில் அவரைப் போல் கணவர், அண்ணன், தங்கை, மகன் உள்ளவர்கள் எத்தனையோ பேர் என்று எனக்குத் தெரியும்.

எனவே முடிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன். அவரை எப்படி மேலே அழைத்து வருவது? இழுத்தால் வரமாட்டார். கெஞ்சினாலும் வரமாட்டார். எனக்கு விடை தெரியாது. டீச்சருக்கும் தெரியாதாம், கேட்டுவிட்டேன். குரலைத் தாழ்த்தவில்லை, இடுப்பில் கை வைக்கவில்லை, நீங்கள் என்ன சொன்னாலும் தலையாட்டவும் போவதில்லை. இதோ மைக்கை முன் வரிசைக்கு அனுப்புகிறேன். கையிலே பேனா இருக்கிறது. சொல்வதை எழுதிக்கொள்கிறேன்.

என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அம்மாவுக்கும், என்னைப் பொறுத்துக்கொண்ட ஊருக்கும், அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் என் நன்றி. நாற்பது மேடைகளில் கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு மேடையிலும் பதிலுக்காக நின்றதில்லை. இன்று நிற்கிறேன். வணக்கம்.